மகாராணி அண்ணனின் கஞ்சித் தொப்பி

வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்களிலேயே தலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர் மகாராணி அண்ணன் ஒருவர்தான். தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் அவருக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்; கான்கிரீட் கொட்டப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்ப்பென்டர். ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய காலண்டரை ஒருநாள் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். மாதத்துக்கு ஓர் ஓவியம். எல்லாம் நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியப் பெண்கள். அத்தனை பேர் தலையிலும் வெள்ளைத் துணித் தொப்பி. ஒருத்திக்குக் காதை மூடியிருக்கும், இன்னொருத்திக்கு இரண்டு பக்கமும் றெக்கை விரித்திருக்கும்.

“ஒருத்திக்காச்சும் பிடரி கருத்திருக்கா பாருங்க தம்பி. வெயிலுக்குன்னே கட்டியிருக்காளுக.”

“அது பனி பெய்யுற ஊருண்ணே.”

“அப்ப மூஞ்சி ஏன் இப்படிக் கடுகடுன்னு இருக்கு? சைட்ல நின்னவ மூஞ்சி தம்பி இது.”

அதற்கு மேல் பேசினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வெள்ளிக்கிழமை லீவில் பழைய பெட்ஷீட்டை வெட்டித் தைத்தார். றெக்கை விறைப்பாக நிற்க மெஸ்ஸில் வடித்த சோற்றுக் கஞ்சி. மறுநாள் அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினார். றெக்கை இடித்ததில் பக்கத்தில் ஒருவரும் உட்கார முடியவில்லை. வெயில் ஏறியதும் கஞ்சி இளகி முகமெல்லாம் வழிந்தது. ஈக்கள் பந்திக்கு வந்துவிட்டன. அன்றுதான் மகாராணி என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பியும் பார்த்தார்.

ஹைதராபாத்காரரான சேஃப்டி ஆபீசருக்கு இது ரசிக்கவில்லை. இன்னொரு தடவை இந்தத் தொப்பி சைட்டில் கண்ணில் பட்டால் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட் என்று சொல்லிவிட்டார். ஊரில் அண்ணனின் வீடு கூரை போடாமல் பாதியில் நின்றது. தொப்பி சாப்பாட்டுப் பைக்குள் ஒளிந்துகொண்டது.

ஆகஸ்டில் ஒருநாள், டைம்கீப்பரான நான் வெயிலில் சுருண்டு விழுந்தேன். கண் விழித்தபோது நிழலில் கிடந்தேன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தத் தொப்பி. அண்ணன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“கழட்டுங்கண்ணே. ஆபீசர் பாத்தா உங்களுக்கு டிக்கெட்டு.”

“பாக்கட்டும். நீங்க அசையாதீங்க, றெக்கை மடங்குது.”

ஆபீசர் வந்தேவிட்டார். “யே கிஸ்கா ஹை?” யாருடையது என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“மேரா ஹை, சார்.” என்னுடையது என்றேன்.

கஞ்சி வழிந்த என் முகத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார் அவர். “ஆராம் கரோ”, ஓய்வெடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று, சைட்டே கூடி நின்று சிரிக்க, றெக்கை வைத்த தொப்பியோடு கிடந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.