கொறனர் படுத்த விறகு

விறகு வாங்கவும் மூளை வேண்டும் என்பது தங்கச்சியின் கலியாண நாள்வரை எனக்குத் தெரியாது. எரிந்தால் விறகு, எரியாவிட்டால் மரம். என் தாவர சாஸ்திரம் அவ்வளவுதான்.

செத்த மரத்தை வாய்திறக்க வைக்கும் மனிதர் சாவகச்சேரியிலேயே ஒருவர்தான் இருந்தார். விறகுகாலை, அதாவது விறகுக் கடை, வைத்திருந்தவர். சவத்தைப் பார்த்துச் சாவுக்குக் காரணம் சொல்லும் உத்தியோகத்தரை வெள்ளைக்காரன் 'கொறனர்' என்பானல்லவா? ஊர் அந்தப் பட்டத்தை இவருக்குக் கொடுத்திருந்தது. பிளந்த கட்டையை மடியில் கிடத்துவார். பட்டையை நகத்தால் சுரண்டி, மோந்து, நுனிநாக்கால் தொட்டுக் கண்ணை மூடுவார்.

"வேம்பு. கிணத்தடியிலை நிண்டது. நிண்டபடியே செத்தது, பாவம்."

பிறகு அதே மூக்கோடு நம்மை நிமிர்ந்து பார்ப்பார். நான் எட்ட நின்றுதான் விலை கேட்பது.

விறகுகாலையின் பின்புறம் வயிரம் பாய்ந்த புளி விறகை ஓர் ஆள் நீளத்துக்கு அடுக்கியிருந்தார். அதை விற்கமாட்டார். மத்தியானங்களில் அதன்மேல் கைகட்டி மல்லாந்து கிடப்பார். முதன்முதலில் அந்தக் கோலத்தைக் கண்டு நான் அலறிவிட்டேன்.

"கத்தாதை. நீளம் பாக்கிறன்," என்றார், கண்ணைத் திறக்காமலே. "என்ரை கட்டை வேக நல்ல புளி வேணும். மற்றவங்களை நம்பினால் ஈர விறகை வைச்சுப் புகைச்சுப்போடுவாங்கள்."

அப்படிப்பட்டவரிடமா கலியாணத்துக்கு விறகு வாங்குவது? கடலேரிப் பக்கமிருந்து வந்த ஒருவனிடம் வெள்ளை வெளேரென்ற விறகை மலிவாக வாங்கி, வண்டிலோடு கொறனரின் படலையைப் பெருமையாகக் கடந்தேன். அவர் ஓடிவந்து ஒரு கட்டையை உருவினார். கையில் ஏந்திப் பாரம் பார்த்தார். மோந்தார். நாக்கை மட்டும் வைக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

"உதை எரிச்சியோ, கலியாணவீடு செத்தவீடு!"

"யாவாரம் போச்செண்டு சாபம் போடாதையுங்கோ அண்ணை!" என்று மாட்டை அதட்டினேன். அவர் பிறகு சொன்னது வண்டிற்சில்லுச் சத்தத்தில் கேட்கவில்லை.

கலியாணத்தன்று அடுப்பு மூட்டியதும் சமையற்காரர் அழுதார். தேங்காய் திருவிய பெண்கள் அழுதார்கள். காற்றுப் பந்தல் பக்கம் திரும்பியது. புகை பார்வைக்குத் தெரியாத அளவு மெலிசு. ஆனால் நாதஸ்வரக்காரர் கன்னத்தால் நீர் வழிய வழியக் கல்யாணி வாசித்தார். மூலையிலிருந்த கிழவி ஒருத்தி, கண்ணீர் வந்த பழக்கத்தில், மெல்ல ஒப்பாரி தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் நிறுத்தவுமில்லை. மணவறையில் தங்கச்சியின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

உடுவிலிலிருந்து வந்த மாப்பிள்ளையின் மாமி எழுந்தாள். "தாலி கட்ட முந்தியே ஒப்பாரியோ? எழும்படா தம்பி! உந்தச் சம்பந்தம் வேண்டாம்!"

சாதகம் பொருந்தாமல் எத்தனையோ இடம் தட்டிப்போய்க் கிடைத்த மாப்பிள்ளை. பாதி எழும்பிவிட்டார்.

அப்போது படலையில் கொறனர் தெரிந்தார். ஒப்பாரி சட்டென்று நின்றது. அவர் நேரே அடுப்படிக்குப் போய், எரிந்த கட்டையொன்றை இழுத்து நெருப்பை நூர்த்து, பந்தலுக்குள் கொண்டுவந்தார். பட்டையின் ஓரத்தில் காய்ந்த பால், அம்மைக் கொப்புளம்போல.

"பேயுமில்லை, சகுனமுமில்லை. இது தில்லை மரம்! பால் பட்டால் கண் போகும், புகை பட்டால் கண்ணீர் வரும். இதை வாங்கின விசரன் உங்கை நிக்கிறான்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சகுனத்தை நம்பியதைவிட வேகமாக இதை நம்பினாள்.

"ஓம், முகத்திலையே தெரியுது. இரடா தம்பி."

தில்லையை அள்ளி வெளியே எறிந்தோம். கொறனர் கொண்டுவந்த வண்டிலிலிருந்து புளி விறகு இறங்கியது. தாலி ஏறியது, சோறும் வெந்தது.

பந்தியில் கொறனர் சோற்றை மோந்து மோந்து உண்டார். நான் பாயாச வாளியோடு அவர்முன் குனிந்தேன். அந்தக் கட்டைகளை எனக்கு அடையாளம் தெரிந்திருந்தது.

"அண்ணை, அது நீங்கள் படுக்கிற விறகல்லோ? இனி உங்கடை அலுவலுக்கு?"

"பிந்திச் சாவன். பாயாசத்தை விடு."