கிடாவின் வலது காது

கிடா விழுந்துவிட்டது. வாங்க வந்தவர் கண்ணெதிரேயே விழுந்துவிட்டது. இடது பக்க வயிறு தவில் மாதிரி உப்பிக்கிடந்தது. காலை உதைத்தது. பல்லை நறநறவென்று கடித்தது. அசை போடுவதை மறந்தேபோயிற்று.

"என்ன மாப்ள, ஆட்டை விக்கக் கூப்பிட்டியா, எழவுக்குக் கூப்பிட்டியா?" என்றார் அப்துல் லத்தீப். பரவைச் சந்தையில் ஆட்டு வியாபாரி.

"சதை வச்சிருக்கு ராவுத்தரே. நல்ல தீனி."

"சதை ரெண்டு பக்கமும்ல வைக்கும்? இது என்ன ஒரு பக்கமா வச்சிருக்கு?"

எனக்குப் பதினெட்டு வயசு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அடுத்த தையில் கல்யாணம் கட்டிவைத்தார்கள். ஒச்சாயி எழுமலையிலிருந்து ஒரு தாயாட்டோடு வந்தாள். அது போட்டதுதான் இந்தக் கிடா. ஆட்டுக்கு அவள் சொந்தக்காரி. மேய்க்க நான். எட்டாவது வரைக்கும் படித்த படிப்புக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

எனக்கு மதுரை மில் வேலை வேண்டும். சங்கு ஊதினால் உள்ளே போகணும், சங்கு ஊதினால் வெளியே வரணும். நடுவில் ஒரு ஆடும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது. மேஸ்திரி சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் அவரைக் 'கவனிக்க' வேண்டுமாம். என்னிடம் இருந்ததெல்லாம் இந்தக் கிடாதான். அதுவும் என்னுடையது இல்லை.

ஒச்சாயி அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். எனக்கு அது திருவிழா.

"மச்சான், பனி காயாம மேய விடாத. சோளப் பானையத் தெறந்து போட்டுறாத, கெடா மோப்பம் பிடிச்சு வந்துரும்."

"சரி."

"ஈரப்புல்லு வேணாம்."

"சரி சரி."

அப்புறமும் காது, எண்ணெய் என்று ஏதோ சொன்னாள். நான் அதற்குள் பஸ் வருகிறதா என்று ரோட்டுக்குப் போய்விட்டேன்.

அவள் போனதும் பானையை நானே திறந்தேன். கிடா கொழுத்துத் தெரிந்தால்தானே விலை? சோளத்தை ஊறப்போட்டு வைத்தேன். போதாதென்று உப்புத் தவிடும் வைத்தேன். தாகத்தில் தண்ணீரை இழுத்துக் குடித்தது. வயிறு நிறைந்தது. என் மனசும் நிறைந்தது. வியாபாரிக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்து நின்றார். கிடா விழுந்தது. கூடவே, கரிப்புகையில் ஓடும் எங்கள் ஊர் பஸ்ஸும் வந்து நின்றது. ஒச்சாயி மூஞ்சியெல்லாம் கரியோடு இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. திறந்து கிடந்த பானையைத்தான் பார்த்தாள்.

"எம்புட்டு வச்ச?"

"கொஞ்சந்தான் புள்ள."

"பானை காலியா இருக்கு. கொஞ்சமா?"

வேப்பங்குச்சியை ஒடித்துக் கிடாவின் வாயில் குறுக்கே கொடுத்துக் கயிற்றால் கட்டினாள். "நிக்காத, தூக்கு!" என்றாள். முன்னங்கால் இரண்டையும் உரல் மேலே தூக்கிப் பிடித்தேன். நல்லெண்ணெயைப் புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இடது விலாவை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கிடா குச்சியை மென்று மென்று, கடைசியில் என் மூக்குக்கு நேராக ஒரு ஏப்பம் விட்டது. புளித்த சோள நாற்றம். நான் தலையைத் திருப்பவில்லை. எனக்கு அது வேண்டும்தான்.

வயிறு இறங்கியது. கிடா எழுந்து நின்றது. எனக்கும் உயிர் வந்தது.

"ராவுத்தரே, இப்பப் பாருங்க. நிக்குது. விலையைச் சொல்லுங்க."

ஒச்சாயி தடுக்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

லத்தீப் பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். தொங்கிக்கிடந்த வலது காதைத் தூக்கினார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"அடப்பாவி மாப்ள! காதுல வெட்டு இருக்கு. இது நேந்துவிட்ட கெடா. உங்க கருப்பசாமியோட எனக்கு ஒரு வழக்கும் வேணாம்." துண்டை உதறிப்போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"எப்ப வெட்டுன?" என்றேன்.

"ஊருக்குப் போற அன்னைக்குக் காலையிலதான். மாசி சிவராத்திரிக்குக் கோயில்ல விடுறதா வேண்டியிருக்கேன். அதுவரைக்கும் எம் புருசன்தான் மேய்ப்பாரு, ஊர் எல்லை தாண்டி ராத்தங்க மாட்டாருன்னும் வேண்டியிருக்கேன். ஊர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"யாரைக் கேட்டு வேண்டுன?"

"நீ யாரைக் கேட்டு மேஸ்திரிகிட்டப் போன? மில்லுல பஞ்சுத் தூசியத் தின்னுட்டு எங்கண்ணன் இருமிக்கிட்டுக் கெடக்கு. வீட்டுக்கு ஒரு இருமல் போதும்."

"மாசி முடிஞ்சா?"

"தாயாடு மறுபடி சினையா இருக்கு மச்சான்."

கிடாவின் காதை நான் தூக்கிப் பார்த்தேன். வெட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அன்றைக்குச் சொன்னதை மறக்கவில்லை. என் எதிரே வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொன்னாள்:

"நெதமும் வலது காதுக்கு எண்ணெய் போடுன்னு சொல்லிட்டுத்தான போனேன்? ஒரு நாளு போட்டிருந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

நான் போடவில்லை.