வத்சலாவுக்கு வரன் பார்த்த கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தார். சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள். அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

கரடியின் பெயர் சாம்பமூர்த்தி. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மூட்டுவலி உண்டு, தேன் உண்டு, வத்சலா உண்டு. வத்சலா ஒரு ஃபெரெட். கீரிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நீளம், கால் குட்டை, வாய் ஜாஸ்தி. சுற்றுலா வந்த மனிதர்கள் கூண்டோடு விட்டுவிட்டுப் போனார்கள். கரடி எடுத்து வளர்த்தார்.

அந்த வருடம் வெயில் ஏறியதும் வத்சலாவுக்குப் பருவம் வந்தது. வந்தது போகவில்லை. பின்பக்கம் வீங்கிப்போயிற்று. முட்டையை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈறு வெளுத்தது. கரடி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கொக்கு டாக்டரிடம் ஓடினார்.

அங்கே வரிசை. டோக்கன் கொடுக்கிற ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால், உள்ளே போகலாமா கூடாதா என்று யாருக்கும் புரியவில்லை. கரடி புரிகிறவரை காத்திருக்கவில்லை.

டாக்டர் ஒற்றைக்காலில் நின்றபடி வத்சலாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ரத்தம் வத்திக்கிட்டு வருது. இவங்க இனத்துல பொண்ணுக்குப் பருவம் வந்துட்டா, ஆண் சேர்ந்தாத்தான் அடங்கும். அடங்கலேன்னா சாவுதான்."

"ஆபரேஷன்?"

"முன்னாடியே சினைப்பையோட கர்ப்பப்பையை எடுத்திருக்கணும். கூட்டிட்டு வந்தீரா? தேன் குடிச்சிட்டுத் தூங்கினீர். இப்ப கத்தி வச்சா ரத்தம் நிக்காது."

"ஊசி?"

"டவுன்ல இருக்கு. நீர் டவுனுக்குள்ள நடந்து போனா, உமக்குத்தான் ஊசி போட்டுத் தூக்குவான். ஆத்துக்கு அக்கரையில தாண்டவராயன்னு ஒரு ஃபெரெட் இருக்கான். அவனைக் கூப்பிடும். சீக்கிரம்."

கூப்பிட்டால் வந்துவிடுவான். ஆனால் அந்தக் காட்டில் ஒரு கமிட்டி இருந்தது. பொறுப்பான இனப்பெருக்கக் கமிட்டி. அது அனுமதிக்காமல் யாரும் ஜோடி சேரக்கூடாது. தலைவர் முயல். ஆமாம், முயல்தான். செயலாளர் குயில், குஞ்சு வளர்ப்பில் நிபுணர். சிரிக்காதீர்கள். காட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"குட்டி பிறந்தா எங்க வைப்பீர்? யார் யார் எடுத்துக்குறாங்க? பையனோட பூர்வீகம் என்ன? பல்லெல்லாம் சரியா இருக்கா?" என்றார் முயல். அவர் காதைப் பிடித்து நாலைந்து குட்டி முயல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கம்பக்கத்துக் கூட்டுல வச்சிடலாமே" என்று ஆரம்பித்த குயிலை அவர் முறைத்தார்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கக் கமிட்டி நேரில் வரும்.

தாண்டவராயன் வந்தான். வயிற்றில் தன் மூத்திரத்தையே பூசிக்கொண்டு வந்திருந்தான். அவர்கள் இனத்தில் அதுதான் மாப்பிள்ளை சென்ட். குயில் மூக்கை இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. அவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பாய்ந்தான். வத்சலாவின் பிடரியைக் கவ்வினான். குகை முழுக்க இழுத்தான். அவள் காடு அதிர வீறிட்டாள்.

"கொலை! கொலை!" என்று கூவியது குயில்.

கரடிக்குப் பொறுக்கவில்லை. வளர்த்த பெண் அல்லவா? தாண்டவராயனை வாலைப் பிடித்துத் தூக்கி, நாலு சுற்றுச் சுற்றி, ஆற்றில் எறிந்தார்.

"யோவ் பெரிசு!" என்றாள் வத்சலா. "எதுக்குய்யா இழுத்தே?"

"கழுத்தைக் கடிச்சானேம்மா!"

"கடிக்கத்தான் செய்வான். கழுத்தைக் கவ்வி இழுத்தாத்தான் எங்களுக்கு எதுவுமே ஆரம்பிக்கும். நான் கத்தத்தான் செய்வேன். கெட்டிமேளம் கொட்டுறப்ப எவனாவது மேளக்காரனைத் தூக்கி ஆத்துல போடுவானா?"

"பாவம், அதிர்ச்சியில பேசுது பொண்ணு" என்றார் முயல்.

கமிட்டியே ஒரு நல்ல பையனாகப் பார்த்து அனுப்பியது. பெயர் சாந்தகுமார். குளித்துவிட்டு வந்தான். "உங்களுக்குச் சிரமமில்லேன்னா..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்ததோடு சரி. மூலையில் உட்கார்ந்து தன் அம்மாவைப் பற்றிப் பேசினான். வத்சலா தொடாத முட்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

"என்ன ஒழுக்கம்!" என்று கண் கலங்கினார் முயல். நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்.

வத்சலாவால் எழுந்திருக்க முடியவில்லை. வாயும் அடங்கிவிட்டது. அதுதான் கரடியைப் பயமுறுத்தியது. அன்றே ஆற்றில் இறங்கினார்.

"வாரும்" என்றான் தாண்டவராயன். "மாப்பிள்ளையை எறியறதுக்கு இன்னும் நல்ல ஆழம் கண்டுபிடிச்சிட்டீரா?"

"தப்புதான்யா. பொண்ணு சாகக் கிடக்கு."

"குட்டிக்கு இடம் எங்கேன்னு உம்ம முயல் கேட்டானாமே. எனக்கு எப்பவோ டவுன்ல நரம்பை வெட்டி விட்டுட்டாங்க. வேலை நடக்கும், விளைச்சல் கிடையாது. அதனாலதான் டாக்டர் என்னை அனுப்புறாரு. பொண்ணு பிழைக்கும், குட்டித் தொல்லை இல்ல."

கரடிக்கு நிம்மதி. வரும் வழியில் முயல் எதிர்ப்பட, சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். புத்தி அவ்வளவுதான்.

"குட்டியே பிறக்காதா? அப்ப எதுக்கு?" முயலின் மீசை நடுங்கியது. "சீச்சீ! வெறும் சந்தோஷத்துக்கா?"

"உசுருக்கு."

"உசுருக்கெல்லாம் படிவம் இல்லையே! இருங்க, கமிட்டியைக் கூட்டிட்டு வரேன்."

கரடி ஓடினார். தாண்டவராயனைக் குகைக்குள் தள்ளினார். தேனடையைப் பிய்த்து, மெழுகை உருட்டி, தன் இரண்டு காதிலும் அடைத்தார். வத்சலா வீறிட்டால் மறுபடி உள்ளே பாய்ந்துவிடுவோமோ என்று அவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. அப்புறம் வாசலில் உட்கார்ந்தார். கரடி உட்கார்ந்தால் வாசல் இருக்காது.

கமிட்டி வந்தது. முயலின் உதடு அசைந்தது. குயிலின் தொண்டை புடைத்தது. என்ன சொன்னார்களோ. கரடி ஓணான் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சரி என்கிறாரா இல்லை என்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. உள்ளே நடப்பதோ நீண்ட நேரம் பிடிக்கிற காரியம். கமிட்டிக்குப் பசித்தது. போய்விட்டது.

காதில் மெழுகு. ஆகவே முடிந்தது என்று கரடிக்குச் சொன்னது மூக்குதான். சென்ட் வெளியே வந்தது, பின்னாலேயே தாண்டவராயன் நொண்டிக்கொண்டு வந்தான். "உம்ம பொண்ணும் கடிக்கும்" என்று காதைத் தடவிக் காட்டினான். கரடிக்குக் கேட்கவில்லை. கும்பிட்டு வைத்தார்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. ஈறு சிவந்தது. ஒரு காலையில் வத்சலா முட்டையை உடைத்துக் குடித்துவிட்டு, "யோவ் பெரிசு, ஒண்ணுதானா?" என்றாள். கரடி அழுதுவிட்டார். அழுதுகொண்டே போய், அடுத்த பருவத்துக்கு முன்னால் ஆபரேஷனுக்கு டோக்கன் வாங்கிவிட்டு வந்தார்.

கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. 'இந்த ஆண்டு காட்டில் தேவையற்ற ஃபெரெட் குட்டி ஒன்றுகூடப் பிறக்கவில்லை. இது கமிட்டியின் சாதனை' என்று ஆண்டறிக்கை வாசித்தார் முயல். மனைவி மறுபடி ஈன்றிருந்ததால் வளையில் நிற்க இடமில்லை. பிள்ளைகள் மேல் ஏறி நின்றுதான் வாசித்தார்.

நீதி: ஓர் உயிர் பிழைக்க வேண்டுமானால் காதில் மெழுகும் வாசலில் கரடியும் வேண்டும். வைத்தியம் அப்புறம்.