உள்பக்கமாகத் திறக்கும் கேட்

"இந்த கேட் வெளிப்பக்கமா திறக்கப்படாது!"

வெல்டர் அமீன் ட்ரில்லை அப்படியே நிறுத்தினார். வாசலில் ஹம்சா மாமி நின்றிருந்தார், கையில் இஞ்ச் டேப்போடு. குனிந்து அளந்து, கேட் வரும் தூரத்துக்குத் தரையில் சாக்பீஸ் கோடு வேறு போட்டார்.

"பாருங்கோ, ரெண்டடி வராண்டாவுக்கு வர்றது. வராண்டா பொது இடம். நாளைக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தா எப்படித் திரும்பும்?"

"செகரட்டரி மாமி சார், தெரு பூரா தெரியும்" என்று அமீன் வீட்டுக்காரர் அய்யாதுரையின் காதோடு சொன்னார்.

அய்யாதுரை சாக்பீஸ் கோட்டைக் குனிந்து பார்த்தார். மந்தைவெளியில் இந்தப் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்த சூடே இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் பூஜாவின் கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் வாசலில் ஜம்மென்று ஒரு கிரில் கேட் நிற்க வேண்டும் என்பது மனைவி சண்முகவடிவின் உத்தரவு.

ஆனால் பாருங்கள், மனுஷருக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது! ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர் அவர். எடுத்த புடவையை எடுத்த இடத்தில் வையுங்கள் என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் கடையில் ஒருத்தர் கேட்டதில்லை. இந்த அம்மாள் குரலைக்கூட உயர்த்தாமல் ட்ரில்லை நிறுத்திவிட்டாரே!

"மனுசின்னா இப்படில்லா இருக்கணும்" என்றார் வாய் தவறி. மனைவி பார்த்த பார்வையில் பாதி வெந்துபோனார்.

சரி, கேட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். அது போய் மரக்கதவில் இடித்தது. மரக்கதவைக் கழற்றி, கீலை மறுபக்கம் மாற்றப் போனார்கள். அந்தப் பக்கம் திறந்தால் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விடும். அதை நகர்த்த வேண்டும். சுவரில் முதல் அடி விழுந்ததுமே மாமி ஆஜர்.

"பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும்தான் தட்டலாம். மத்தியானம் எல்லாரும் படுத்துக்கற நேரம். இடிச்ச மண்ணை லிஃப்ட்ல ஏத்தப்படாது, மூட்டை கட்டிப் படியில இறக்குங்கோ."

மூட்டையை முதலில் தோளில் தூக்கியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அய்யாதுரைதான்!

வெள்ளிக்கிழமை ஒரு மணி. கேட் சுவரில் சாய்ந்திருந்தது, மரக்கதவு கட்டிலில் படுத்திருந்தது.

"மீதியை நாளைக்கு..." என்று அமீன் ஆரம்பித்தார்.

"சனி, ஞாயிறு ஒரு ஆணிகூட அடிக்கப்படாது" என்று மாமி முடித்துவிட்டார்.

சண்முகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "புதுசா ஒரு கேட் போடச் சொன்னா, இருந்த கதவையும் கழத்திட்டு நிக்கீங்களே! தொறந்த வீட்டுல யாரு சம்பந்தம் பேசுவாக? அந்தம்மாகிட்ட கெஞ்சியாவது பாருங்களேன்!"

"கெஞ்சலாந்தான். ஆனா அவுக சொல்லுதது அத்தனையும் நியாயமால்லா இருக்கு!"

இரண்டு ராத்திரியும் வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தார். ஞாயிறு காலையில் கடையிலிருந்து ஒரு மயில்கழுத்துப் பட்டுப் புடவையைக் கொண்டுவந்து வாசலில் திரையாகக் கட்டினார். அது காற்றில் வராண்டாவுக்குப் பறந்ததோ இல்லையோ, மாமி வந்துவிட்டார், கையில் நாலு துணிக் கிளிப்போடு. அவர் கிளிப் மாட்டிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் மாடியேறி வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா விஜயராகவன் திரையை மேலும் கீழும் பார்த்தார். "கதவு எங்க?"

அய்யாதுரை திரையின் ஓரத்தை இழுத்துப் பிடித்தார். போச்சு, எல்லாம் போச்சு!

மாமிதான் பதில் சொன்னார். "லீவு நாள்ல தட்டப்படாதுன்னு சொன்னேன். கதவில்லாம ரெண்டு ராத்திரி வாசல்லயே படுத்துண்டாரே தவிர, மனுஷர் ஒரு ஆணி அடிக்கலை. இந்தத் தெருவுல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை!"

விஜயராகவன் அய்யாதுரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாசக்கதவையே விட்டவர் வீட்டுல பொண்ணெடுக்க யோசனை எதுக்குங்க? தட்டை மாத்திக்கலாம்."

எல்லாரும் கிளம்பிய பிறகு அய்யாதுரை அதே பட்டுப் புடவையை மடித்து, இனிப்புத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

"வாட்ச்மேன், மாமி எந்த ஃபிளாட்டு? இப்படி ஒரு செகரட்டரி கிடைக்க நாங்க குடுத்துல்லா வச்சிருக்கணும்!"

"இன்னா சார் நீ, நம்ம பில்டிங்குக்கு இன்னும் அசோசியேஷனே ஆரம்பிக்கலியே! மாமி எதிர் பில்டிங்கு சார். அங்க ரெண்டு வருசத்துக்கு மேல யாரும் செகரட்டரியா இருக்கக் கூடாதுன்னு அவங்களே ரூல் போட்டாங்க. போன மாசத்தோட அவங்களுக்கு ரெண்டு வருசம் முடிஞ்சிபோச்சு, அதான் இங்க வந்துகினு கீறாங்க!"