செக்குக் கம்ப்யூட்டர் யோசித்த நேரம்

ஜெபினியானா,
நவம்பர், வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய அண்ணன் ஹெதி அவர்களுக்கு,

தம்பி ஸுபைர் எழுதுவது. ஸலாம். இங்கே எல்லோரும் நலம், மரங்களும் நலம், என் இடுப்புவலியும் என்னோடு சௌக்கியமாக இருக்கிறது. லியோன் குளிரில் தாங்களும் அண்ணியும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. மரியாதை இத்துடன் முடிந்தது, இனி சண்டை.

நீங்கள் பள்ளியில் பாஸ்கல் என்னும் கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்த காலத்தில் நம் ஆலிவ் செக்குக்கு எழுதித் தந்த புரோகிராமை இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். சீசன் தொடங்கிய அன்றே பழைய கம்ப்யூட்டர் புகை விட்டது. புதிதாக ஒன்று வாங்கி உங்கள் புரோகிராமை ஏற்றினால், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சொல்லிப் படுத்துவிட்டது. வாசலில் மூட்டைகளோடு வண்டிகள், உள்ளே தலையில் கையோடு நான். என் மகள் எம்னாதான் உட்கார்ந்து பார்த்தாள்.

"புரோகிராம்ல தப்பில்லப்பா. அதோட வர்ற பழைய லைப்ரரி ஃபைல், ஆரம்பிக்கும்போதே மெஷின் வேகத்த அளந்து பாக்குது. இந்த வேகத்துக்கு அதுக்குத் தலை சுத்திடுது. அத எடுத்துட்டு புது லைப்ரரி போட்டாச் சரியாயிடும்."

போட்டாள், சரியாயிற்று, எம்னாவின் அம்மா ஸலுவா குலவையே விட்டாள். முதல் ஆளாக, ஹஜ் போய்வந்த நம் ஊர்ப் பாட்டி ஹாஜ்ஜா ரஃபீக்கா பேரனின் வண்டியில் வந்து இறங்கினார். எடையைத் தட்டிவிட்டு எம்னா விரலை எடுப்பதற்குள், அவருக்கு எவ்வளவு எண்ணெய் என்று திரையில் வந்துவிட்டது.

"என்னப்பா இது, என் ஆலிவத் திரும்பிக்கூடப் பாக்கல, அதுக்குள்ள பதில் சொல்லுது?"

"கணக்கு சரிதான் ஹாஜ்ஜா" என்றேன்.

"சரியா இருக்கலாம். யோசிச்சுச் சொன்ன மாதிரி இல்லையே. உங்க அண்ணன் மெஷின் எப்படி முக்கி முனகிச் சொல்லும்."

வண்டி எதிர்ப்பக்கம் நெஜிபின் செக்குக்குத் திரும்பியது, அங்கே இன்னும் பென்சிலால் தலையைச் சொறிந்துதான் கணக்கு. பின்னாலேயே மற்ற வண்டிகளும் போயின. இந்தச் சீசன் போனால் வருடம் முழுக்க அடுப்பெரிவது எப்படி? போதாக்குறைக்கு டீக்காரன் பஷீர் வேறு, "நான் கிளாஸ்ல பாதாம் போடுறதுக்குள்ள ஆளே காணோம். என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க முதலாளி" என்று சண்டைக்கு வந்தான்.

பழையது ஏன் அவ்வளவு நேரம் யோசித்தது என்று எம்னாவைக் கேட்டேன்.

"அது யோசிக்கவே இல்லப்பா. கணக்கு அப்பவே முடிஞ்சிடும். அப்புறம் சும்மா நிக்கச் சொல்லி பெரியப்பா ஒரு வரி எழுதியிருக்காரு. வேஸ்ட்னு தூக்கிட்டேன்."

அண்ணா, சும்மா நின்றதாம். அவசரப்பட்டவர்களையெல்லாம் "சத்தம் போடாதீங்க, யோசிக்குது" என்று அடக்கியவன் நான். ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்க்கத் தெரியாத நான், தன் அப்பாவோடு ஆலிவ் கொண்டுவந்த ஸலுவாவுக்கு முதன்முதலில் தேநீர் நீட்டிப் பேசியது அந்தக் காத்திருப்பில்தான். ஆனால் அது என் தைரியம், உங்கள் பாஸ்கல் அல்ல.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அந்த வரியைத் திரும்பப் போடச் சொன்னேன். எம்னா புது லைப்ரரியிலேயே அதைச் செய்து, திரையில் புள்ளிகள் ஊர்ந்து போகும்படியும் வைத்தாள். எட்டிப் பார்க்க வந்த ஹாஜ்ஜா, ஊரும் புள்ளிகளைக் கண்டு தலையாட்டினார். "இப்பதான் ஒழுங்கா வேலை பாக்குது." மறுநாள் முற்றம் கொள்ளவில்லை. புது எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டு ஊரே காத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் சீசன் முடிந்ததும் அந்த வரியைப் பிடுங்கி எறியப் போகிறேன். எங்களை ஏன் ஏமாற்றினீர்கள் என்று பதில் எழுதவும்.

அண்ணிக்கு என் ஸலாம். உங்கள் மேல் கோபமும் அன்பும் குறையாத,
தம்பி ஸுபைர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஸலுவா இதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். "அவர ஏன் திட்டுறீங்க? அப்பல்லாம் கணக்கு வந்ததும் எங்கப்பா என்னை வண்டியில ஏத்திடுவாரு. நீங்களோ கிளாஸ கையில வெச்சுக்கிட்டு வாயே திறக்க மாட்டீங்க. மெஷினக் கொஞ்சம் மெதுவாச் சொல்லச் சொல்லுங்கன்னு உங்க அண்ணன்கிட்ட நான்தான் கேட்டேன்." ஆகையால் மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். அந்த வரி இருக்கும். சீசன் முடிவதற்குள் வாருங்கள். இன்னொன்று, ஹாஜ்ஜாவின் பேரன் வண்டி ஓட்டி வரும் நாட்களில் மட்டும் புள்ளிகள் இன்னும் மெதுவாக ஊர்கின்றன. நான் எம்னாவை ஒன்றும் கேட்கவில்லை, பஷீரிடம் இன்னும் இரண்டு தேநீர் சொல்லிவிட்டேன்.