கேட் பாஸ் இல்லாமல் வந்த ஃபைல்

சிரஞ்சீவி மகனுக்கு, அப்பாவின் ஆசிகள் பல.

இங்கு நான் நலம். அங்கு நீயும் மருமகளும் நலமாகவே இருப்பீர்கள் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். கேட்டால் நீ "பிஸிப்பா" என்பாய். அது நலத்தில் சேர்த்தியா, நலக்குறைவில் சேர்த்தியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நிற்க. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நீ திகைக்கலாம். போன் இப்போது அரிசி டின்னுக்குள் இருக்கிறது. காரணம் கீழே வருகிறது, பொறுமையாகப் படி.

உன் அம்மா போன பிறகு காலையில் எனக்கு முதலில் முகம் காட்டுவது கம்ப்யூட்டர்தான். அதில் சீட்டு விளையாடுவேன், தோற்பேன், பிறகு பல் தேய்க்கப் போவேன். முந்தாநாள் தோற்ற எரிச்சலில் எதையோ அழுத்த, உள்ளே என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று ஒரு பட்டியல் திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி ஸ்டோரில் முப்பது வருஷம் சாவி வைத்திருந்தவன் பட்டியலைப் பார்த்தால் சும்மா இருப்பானா? கேட் பாஸ் இல்லாமல் ஒரு பஞ்சுப் பொட்டலம்கூட என்னைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இது பிரிண்டருக்கு, இது சத்தத்துக்கு, இது கடிகாரத்துக்கு. கடைசியில் ஒன்றே ஒன்று அநாதையாக நின்றது. தயாரித்தவர் பெயர் இல்லை. எதற்கு வந்தது என்ற விவரம் இல்லை. நிறுத்தினேன், செத்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், மறுபடியும் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு நாய் படாது. முதலில் கேமராக் கண்ணுக்குப் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். பேங்க் பாஸ்வேர்டை மாற்றினேன், எவனும் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றியதால் இப்போது நானும் அவர்களில் ஒருவன். போனும் இதற்கு உடந்தையாக இருக்கும் என்று தோன்றவே, அதை அணைத்து, துண்டில் சுற்றி அரிசிக்குள் புதைத்தேன். மாடியில் குடியிருப்பவர் நம் இன்டர்நெட்டைத்தானே பகிர்ந்துகொள்கிறார், இது அவர் வேலையாகத்தான் இருக்கும் என்று படியேறிப் போய்க் கேட்டேவிட்டேன். "சார், நீங்க சீட்டாட்டத்துல தோக்கறதைப் பாத்து எனக்கு என்ன சார் ஆகப்போகுது?" என்றார். நான் தோற்பது உமக்கெப்படித் தெரியும் என்று நான் மடக்க, "நீங்க திட்டற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது சார்" என்றார். வார்த்தை தடித்தது. இனி இந்த ஜென்மத்தில் உம்மோடு பேச்சில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவரைத் தவிர இந்தத் தெருவில் என்னோடு பேசுகிறவர் யாருமில்லை என்பது கடைசிப் படியில்தான் நினைவுக்கு வந்தது.

உன்னைக் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது "சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வெச்சிடறேன்" என்பாய். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் விவகாரத்தை எங்கே நுழைப்பது?

கடைசியில் அன்று சாயங்காலமே ரிப்பேர்க் கடைக்காரரை அழைத்து வந்தேன். அவர் வைரஸ் சோதனை ஓட்டினார், எதுவும் சிக்கவில்லை. ஃபைல் எந்த மூலையில் கிடக்கிறது என்று துருவிப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "சார், நீங்க கம்ப்யூட்டரைப் போட்டதும் இது வெளியில ஒரு சேதி அனுப்புது."

"என்ன சேதி?"

"போட்டாச்சுங்கற சேதி. அவ்வளவுதான் சார். இதுல யாருக்கு என்ன லாபம்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்று தினமும் தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் ஒருவனுக்கு அக்கறை இருக்கிறதென்றால், அவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும். வேரோடு பிடுங்கச் சொன்னேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகக் கிளம்பும் ஏற்பாட்டையும் நீக்கி, ஃபைலையும் அழித்துவிட்டுப் போனார். வீடு இப்போது சுத்தம். பொய் சொல்வானேன், கொஞ்சம் வெறிச்சென்றும் இருக்கிறது. திருடனாக இருந்தாலும் விசாரித்துக்கொண்டு ஒருவன் இருந்தான்.

நீ இதற்காக லீவு போட்டு வர வேண்டாம். என்னை நானே பார்த்துக்கொள்வேன். நீயும் மருமகளும் எல்லா வளமும் பெற்று, வேளைக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கதவை யாரோ இடித்தார்கள். "சார்! இருக்கீங்களா சார்? இருந்தா ஒரு குரல் குடுங்க!" என்று மாடிக்காரரின் சத்தம். இந்த ஜென்மத்தில் பேச்சில்லை என்று சொன்ன மூன்றாம் நாளே எப்படிக் குரல் கொடுப்பது? வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. அவருக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு, பையுமில்லை ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"நேத்தும் பச்சை வரல, இன்னிக்கும் வரல. போனும் ஆஃப். நான் என்னன்னு நெனைக்கறது?"

என்ன பச்சை என்று நான் கேட்டதற்கு உன் போனை எடுத்துக் காட்டினாய். நான் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதில் ஒரு புள்ளி பச்சையாகுமாமே. அதைப் பார்த்த பிறகுதான் நீ வேலையையே தொடங்குவாயாமே.

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா வேவு பாக்கறியான்னு சண்டைக்கு வருவீங்க. அம்மா போன அன்னிக்கு இங்க நீங்க தனியா உக்காந்திருந்தீங்க. அங்க நான் யாரோட பிறந்தநாளுக்கோ கேக் தின்னுக்கிட்டிருந்தேன். தெரியாம சிரிச்சுக்கிட்டே தின்னுக்கிட்டிருந்தேன்பா."

இப்போது அம்மாவின் கட்டிலில் குப்புறப்படுத்துத் தூங்குகிறாய். எழுந்ததும் இந்தக் கடுதாசியைக் கையிலேயே கொடுத்துவிடுவேன். மேலே எழுதியது எல்லாம் ரத்து. அந்த ஃபைலைத் திரும்பப் போட்டுவிடு. அதேபோல் உன் கம்ப்யூட்டரிலும் ஒன்றைப் போட்டு, அதன் பச்சையை எனக்குக் காட்டு. நீ எழுந்தாயா இல்லையா என்று தெரியாமல்தானேடா நானும் இத்தனை காலமாகக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.