பாத்திர மூடியில் ஒரு சிவப்புக் குமிழ்

குமிழ் கையோடு வந்துவிட்டது.

ஒடிசல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தக்காளி அளவில், தக்காளி நிறத்தில், உள்ளங்கையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அது இருக்க வேண்டிய இடம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த தூண். தூணில் ஒரு மஞ்சள் பெட்டி. பெட்டியின் மேல் 'அவசரத்துக்கு மட்டும்' என்ற எழுத்து. எழுத்துக்குக் கீழே இப்போது ஒரு மொட்டைத் திருகாணி.

அவனுக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. சும்மா சாய்ந்தான், அவ்வளவுதான். முதுகில் ஏதோ டக்கென்றது. அதே நொடியில் சோப்புத் தொழிற்சாலை மொத்தமும் நின்றுவிட்டது. பெல்ட்டில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த எலுமிச்சை சோப்புகள், தலைமையாசிரியரைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் மாதிரி அப்படியே உறைந்தன. அமுங்கிய பட்டனைத் திருகினால் மேலே வந்துவிடும் என்று அவன் புத்தகத்தில் படித்திருந்தான். எந்தத் திசையில் திருக வேண்டும் என்பது அடுத்த பாடத்தில் இருந்தது. அடுத்த பாடம் தேர்வுக்கு இல்லை.

அவன் தூணுக்குப் பின்னால் போனதற்குக் காரணம் அவன் அப்பா.

மூன்றாம் ஆண்டு மாணவர்களின் தொழிற்சாலை டூருக்கு ஆறு கம்பெனிகள் முடியாது என்று கைவிரித்த பிறகு, ஏழாவதில் அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பத்தொன்பது வருடமாக அங்கே எலக்ட்ரீஷியன். 'இந்தப் பசங்களுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நன்றிக்கடனை ஒடிசல் அன்று காலையில் இப்படித் தீர்த்திருந்தான்:

"அப்பா, அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

"ஏன்டா?"

"போன தடவை காலேஜுக்கு வந்தப்ப, எல்லார் முன்னாடியும் பனியன் போட்டிருக்கியான்னு கேட்டீங்க."

"அன்னிக்கு குளிரு அப்படி."

"அப்பா."

"சரிடா. உன்னை யாருன்னே எனக்குத் தெரியாது. போதுமா?"

சொன்ன சொல் தவறாமல் அப்பா கண்ணிலேயே படவில்லை. ஆனால் கூடத்தின் மூலையில் மின்சாரப் பலகைகள் வைத்த, கண்ணாடி போட்ட ஒரு பேனல் ரூம் இருந்தது. அவர் வேலை பார்க்கிற இடம் அதுதான். கண்ணாடிக்குள் ஒரு வழுக்கை மினுங்கிய மாதிரி இருந்தது. எதற்கு வம்பு என்று ஒடிசல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவன் உடம்புக்கு அந்தத் தூண் தாராளம். முழு ஆளும் மறைந்துபோனான்.

இப்போது கையில் குமிழ்.

பிளான்ட் மேனேஜர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். கத்துகிற மேனேஜர் என்றால் தாங்கிக்கொள்ளலாம். இவர் மெதுவாகப் பேசினார்.

"மெஷினுக்குள்ள சோப்பு இறுகிக்கிட்டே இருக்கு. இனிமே உளி வச்சுத்தான் கொத்தி எடுக்கணும்."

மெஷின் ஓட்டுகிற அக்கா ஒருத்தி தூணைக் காட்டினாள். "சார், இங்க பாருங்க. பட்டன் தலையையே காணோம்."

மேனேஜர் மொட்டைத் திருகாணியைத் தடவிப் பார்த்தார். முப்பது மஞ்சள் ஹெல்மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தானா வந்து சொன்னா ஒரு மெமோவோட முடிச்சுக்குவேன். நாளைக்கு காலைல ஒம்பது மணி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் நானா கண்டுபிடிச்சா, இங்க வேலை செய்யற ஆளா இருந்தா வேலை கிடையாது. ஸ்டூடண்டா இருந்தா, அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு வேலை கிடையாது."

ஒடிசல் சொல்லிவிடத்தான் நினைத்தான். வாயைக்கூடத் திறந்துவிட்டான். ஆனால் மெமோ என்றாலும் அது அப்பா பெயருக்குத்தான் வரும். திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான். பட்டன் தலை பையில் துருத்திக்கொண்டு தெரியும் என்று பயந்து, யாரும் பார்க்காத நேரத்தில் அதை ஹெல்மெட்டுக்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

கூட வந்த விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் சார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைகளை எண்ணாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். இருபத்து மூன்றாவது தலையில் எண்ணுவதை நிறுத்தினார்.

"ஏன் உன் ஹெல்மெட் மட்டும் ஒரு மாடி மேல நிக்குது?"

"முடி சார்."

"காலைல இவ்வளவு இல்லையே."

"வளர்ந்திருக்கும் சார்."

அவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

வாசலில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று செக்யூரிட்டி எல்லோருடைய பைகளையும் தடவிக்கொண்டிருந்தார். முன்னால் நான்கு பேர். ஒடிசல் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் டிபன் பாக்ஸைத் திறந்து, மத்தியானம் மிச்சம் வைத்த சோற்றுக்குள் குமிழைப் புதைத்தான். பிறத்தியார் மிச்சம் வைத்த சோற்றை எந்த செக்யூரிட்டியும் கிளறுவதில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். சோப்பு டப்பாவில் எலுமிச்சை சோப்பு. அதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு யோசித்தான். குமிழைத் தெருக்கோடிச் சாக்கடையில் போட்டுவிடலாம். தலையே இல்லை என்றால் ஆள் ஏது? முகம் கழுவிக்கொண்டு ஓரளவு மனிதனாக வெளியே வந்தான்.

டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்தது. பாத்திரத்தின் மேல் மூடி. மூடியின் நடுவில், சிவப்பாக, பளபளவென்று, குமிழ்.

"மூடியில இருக்கிற திருகாணிக்கு மரை அப்படியே பொருந்திடுச்சுடா," என்றாள் அம்மா. "ஆறு மாசமா இடுக்கியை வச்சுத் தூக்கிக்கிட்டிருக்கேன். மூடிக்கு ஒரு பிடி போட்டுக் கொடுங்கன்னு உங்கப்பாகிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். நீ கேக்காமலே கொண்டு வந்திருக்கே."

"அம்மா, அது வந்து..."

"சோத்துக்குள்ள ஒளிச்சு வச்சு. எனக்குத் தெரியாம குடுக்கணும்னு. எனக்குப் புரியாதா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "மூணு வருஷம் இவன் காலேஜுக்குப் போனதுல வீட்டுக்கு வந்த முதல் லாபம்."

அவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒடிசல் குமிழைப் பிடித்துத் திருகினான். சூடு. துணி சுற்றித் திருகினான். முழு பலத்தோடு திருகினான். பிறகுதான், தொழிற்சாலையில் திருகியதற்கு எதிர்த் திசையில் திருகிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. அதற்குள் அது மூடியோடு மூடியாக இறுகிவிட்டது. அங்கே தொட்டதும் வந்தது, இங்கே கும்பிட்டாலும் வராது.

நிறத்தையாவது மறைக்கலாம் என்று அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, குமிழுக்குத் தலைக்காயம் பட்ட மாதிரி சுற்றுச் சுற்றாகக் கட்டுப் போட்டான். கடைசிச் சுற்று முடிவதற்கும் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது.

வேலைக்குப் போன மனிதர் போனதைவிடச் சுத்தமாகத் திரும்பி வருகிற ஒரே வீடு அவர்களுடையது. அன்றும் அப்பா எலுமிச்சை மணத்தோடுதான் வந்தார். ஆனால் முகம் நீலம் பாரித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் காற்றாடியைக்கூடப் போடவில்லை.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"லைன் நின்னு போச்சு. காலைல விசாரணை. யாரோ ஒருத்தனுக்கு வேலை போகப் போகுது."

"யாரு நிறுத்தினாங்களாம்?"

"தூணுல இருக்கிற பட்டனை எவனோ அமுக்கிட்டான்னு மேனேஜர் சொல்றாரு." அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார். "பத்தொம்பது வருஷம். ஒரு மெமோ கிடையாது."

ஒடிசல் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். இருக்கிற உடம்பை வைத்து முடிந்தவரை அடைத்தான்.

"நீ எங்கடா நின்னே?" என்றார் அப்பா திடீரென்று.

"பின்னாடி. கடைசியில."

"தூணுக்குப் பின்னாடி போனியே. ஏன் போனே?"

தூண் என்ற வார்த்தையை அவன் சொல்லவேயில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துவிட்டது. அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

"சும்மாப்பா. நிழலுக்கு."

"உள்ள ஏதுடா வெயிலு?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஃபிட்டர் மாமா உள்ளே வந்தார். அப்பாவோடு அதே பேனல் ரூமில், அதே ஷிப்டில் இருப்பவர்.

"என்னண்ணே, யோசிச்சீங்களா? ஒம்பது மணிக்குள்ள சொல்லிட்டா மெமோவோட போயிடும். இழுத்தடிச்சா வேலைக்கே உலை."

"அப்புறம் பேசலாம். பிள்ளைங்க இருக்கு," என்று அப்பா அவசரமாக அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் உட்கார வைத்தார்.

ஒடிசல் மாமாவையே பார்த்தான். மாமாவுக்கும் தெரியும். தெருவுக்கே தெரிந்திருக்கும்.

திடீரென்று அப்பாவின் மூக்கு விடைத்தது. "என்ன, ஒயர் கருகற வாசனை வருது?"

சூடான மூடியின் மேல் கறுப்பு டேப் உருகிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் இந்த வாசனைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். இந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் தானாகவே எழுந்து சமையலறைக்கு வந்தார்.

ஒடிசல் முந்திக்கொண்டு ஓடினான். துணியோடு மூடியைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கையில என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா."

"உன் பின்னாடி புகை வருது."

"எனக்குத்தான்பா. ஜுரம்."

அக்கா எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அந்தப் பிடிக்குக் கட்டுப் போட்டது? உருகி ஒழுகுது பாரு."

சூடு துணியைத் தாண்டிவிட்டது. மூடி கை நழுவித் தரையில் விழுந்து, ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு சுழன்று சுழன்று, அப்பாவின் காலடியில் போய் நின்றது. டேப் பிரிந்திருந்தது. குமிழ் அவரைப் பார்த்துச் சிவந்து நின்றது.

அப்பா குனிந்து அதைத் தொட்டார். தினமும் பார்க்கிற பொருள். அடையாளம் கேட்க வேண்டியதில்லை.

"நான்தான்பா," என்றான் ஒடிசல். அதற்குமேல் தானாகக் கொட்டியது. "சாஞ்சேன், அமுங்கிடுச்சு. திருகினேன், கையோட வந்திடுச்சு. எல்லாம் நின்னு போச்சு. உங்களுக்கு வேலை போயிடுமாப்பா? நான் காலைல வந்து மேனேஜர் கால்ல விழுந்துடறேன்பா."

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"நீ எங்கயும் வர வேண்டாம்," என்றார் கடைசியில், மிக மெதுவாக. "யார்கிட்டயும் மூச்சு விடாதே. காலைல நானே போய், லைனை நிறுத்தினது நான்தான்னு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து யாருக்காகவும் அழாத அக்கா, வெங்காயம் நறுக்குகிற இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டாள்.

ஒடிசல் அப்பாவைக் கட்டிக்கொண்டான். அந்த எலுமிச்சை மணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினான். "காலேஜுக்கு வாங்கப்பா. எல்லார் முன்னாடியும் பனியன் போட்டிருக்கியான்னு கேளுங்கப்பா."

"சரி, சரி. விடு," என்றார் அப்பா. ஏனோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா அவரை உட்கார வைத்தாள். காற்றாடியைப் போட்டாள். பத்து வருடமாக அவருக்கு மறுக்கப்பட்டிருந்த இரண்டாவது அப்பளத்தைத் தானாகவே தட்டில் வைத்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு தியாகிக்கு உரிய அடக்கத்தோடு அதை நொறுக்கினார்.

சத்தம் கேட்டு ஃபிட்டர் மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன, ஆளாளுக்கு அழுதுக்கிட்டு நிக்கிறீங்க?"

"உங்களுக்குத் தெரியாதாண்ணே?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூணுல இருந்த பட்டனை அமுக்கி லைனை நிறுத்தினது இவன்தானாம். பிள்ளைக்காக, செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கப் போறாரு."

அப்பா அப்பளத்தோடு கையை உயர்த்தி, வேண்டாம் வேண்டாம் என்று மாமாவுக்குக் கண்ணால் சைகை காட்டினார். மாமா அதைக் கவனிக்கவில்லை.

"செய்யாத தப்பா? அந்தத் தூணு பட்டனுக்கு ஒயரைக் கழட்டி ஆறு வருஷமாச்சும்மா. பிள்ளை தூணுக்குப் பின்னாடி மறைஞ்சிட்டானேன்னு எட்டிப் பாக்கப் போயி, மெயின் சுவிட்ச் மேல சாஞ்சு லைனை நிறுத்தினதே இவருதானே."